துருப்பிடித்த சாவி குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்களும் என் மகளும் புது வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இடம் போதாதென்று என் வீட்டில் விட்டுப்போனீர்களே, டிவியில் மாட்டி ஆடும் அந்த விளையாட்டுப் பெட்டி, அதைப் பற்றி ஒரு விஷயம். நேரில் சொல்ல வாய் வராது. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மணிக்கட்டு முறிவுக்குப் போட்ட கட்டைப் பிரித்த பிறகு என் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் பெண், "மேடம், பந்தை அமுக்கச் சொன்னா அமுக்க மாட்டேங்குறீங்க. இந்த கேமை ஆடுங்க, பத்து விரலும் தானா ஓடும்" என்று உங்கள் ஆட்டத்தையே திறந்துவைத்துவிட்டுப் போனாள். முப்பத்தொரு வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவளிடம் விரலைப் பற்றிப் பேசினால் ரோஷம் வராதா. உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை, நான் கான்வென்டில் படித்தவள். கதவைத் தட்டி, உள்ளிருந்து பதில் வந்த பிறகே நுழைய வேண்டும் என்று சிஸ்டர் எங்களுக்குப் பிரம்போடு சொல்லிக்கொடுத்தார். உங்கள் வீரனோ, உடம்பெல்லாம் கட்டம் கட்டமாக, முகத்தில் மூக்குகூட இல்லாதவன், கண்ட வீட்டுக்குள்ளும் செருப்போடு போகிறான், வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவள் பானையை வாளால் உடைக்கிறான், உள்ளே இருந்த மருந்தை எடுத்துக்கொள்கிறான், அவளானால் "வடக்குக் காட்டில் பேய் நடமாட்டம்" என்று மூன்று தடவை சொல்கிறாளே தவிர பானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதையா பதினொரு வருடம் ஆடினீர்கள்? அதிர்ந்துபோனேன். அவன் பையைத் திறந்ததும் இன்னும் மோசம். நாற்பத்திரண்டு பச்சிலை, ஒரே மாதிரி ஏழு கேடயம், உடைந்த கண்ணாடி, யாருடையதோ எலும்பு. ஒழுங்கான மனிதன் வைத்திருக்கும் பையா அது? வேண்டாததையெல்லாம் தூக்கிப் போட்டேன். துருப்பிடித்த சாவி ஒன்று கிடந்தது, அதையும் போட்டேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. "ஆம்" என்று அழுத்தினேன். மறுபடி கேட்டது. என்னை யாரும் இரண்டு தடவை கேட்டதில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன்.

மறுநாள் உங்கள் மனைவி போனில் வந்தாள்.

"அம்மா, பெட்டி பத்திரமா இருக்கா? அவரு கடைசிக் கதவு வரைக்கும் போயிட்டுத் திறக்காம வச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை அவருக்கு நாப்பது வயசு முடியுதில்ல, அன்னைக்கு அங்க வந்துதான் திறக்கப் போறாராம்."

"எந்தச் சாவியால?" என்றேன்.

"ஏதோ துருப்பிடிச்ச சாவியாம். கண்டுபிடிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சாம். ஏம்மா, எதுக்குக் கேக்குற?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. இந்த வயதில் பொய்.

இரண்டு நாளாக அதைத் தேடுவதே வேலை. வடக்குக் காடு, பாழுங்கோட்டை, எலிப் பொந்து எல்லாம் தேடிவிட்டேன். அந்த ஊரில் ஒரு பானை விடாமல் உடைத்துப் பார்த்தேன். ஆமாம், நானேதான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "மன்னியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உடைத்தேன். சாவி இல்லை. உங்கள் பதினொரு வருட உழைப்பு கதவுக்கு வெளியே நிற்கிறது. கல்யாணத்தன்று எல்லார் காதிலும் விழும்படி "விளையாட்டுப் பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்தேன்" என்று சொன்னவள் நான். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பானைகளிடம் பழகிக்கொண்டேன், இப்போது உங்களிடம் கேட்கிறேன். ஞாயிறன்று வந்து என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கதவைத் தட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உங்களுக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பிசியோதெரபிஸ்ட் வந்தாள். "அந்த கேம்ல கிணத்தடியில பெருக்குற அம்மாகிட்ட கேட்டீங்களா மேடம்? நாம தூக்கிப் போடுறதெல்லாம் அவங்கதான் எடுத்து வைப்பாங்க" என்றாள். கேட்டேன், கொடுத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், மன்னிப்பையும் சேர்த்து. ஆனால் அதே சாவிதானா என்று சரிபார்க்காமல் பையில் போடுவது என் வழக்கமில்லை. மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அந்தக் கடைசிக் கதவின் பூட்டில் போட்டுத் திருப்பினேன். உள்ளே மூன்று தலைப் பூதம். மூன்று முறை நெருப்பைத் துப்பிவிட்டு மூச்சு வாங்குகிறது. நிமிடத்துக்கு எண்பது சொல் அடித்த விரல்களுக்கு அந்த இடைவெளி தாராளம். செத்துவிட்டது. பிறகு நிறையப் பெயர்கள் மேலே போயின, "முற்றும்" என்று வந்தது. ஞாயிறன்று நீங்கள் திறக்க ஒன்றும் பாக்கியில்லை. ஆகையால் மன்னிப்பு மட்டும் மேலே எழுதியபடியே இருக்கட்டும்.