துருக்கியில் சொன்ன ‘போயித்து வாறன்’

எங்கள் கல்முனையில் யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை. எல்லாரும் ‘வருவார்கள்’. சந்திக் கடைக்குப் புறப்படுகிறவர் “வாறன்” என்பார். மூன்று வருச ஒப்பந்தத்தில் கட்டாருக்குப் பிளேன் ஏறுகிறவரும் “வாறன்” என்பார். கலியாண வீட்டில் மூக்குமுட்டப் புரியாணி சாப்பிட்டு எழும்புகிறவரும் “அப்ப வாறன்” என்றுதான் கைகுலுக்குவார் (உண்மையாகவே திரும்பி வந்தால் வீட்டுக்காரர் மயங்கி விழுவார்). நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒருநாள் பள்ளிக்கூட அவசரத்தில் “உம்மா, போறன்!” என்று கத்திவிட்டேன். உம்மா கையில் இருந்த அகப்பையோடு கேற் வரை ஓடி வந்தார்.

“என்ன வாயிடா ஒனக்கு? உள்ளுக்கு வந்து, ஒழுங்காச் செல்லித்துப் போ!”

உள்ளே வந்தேன், செருப்பைக் கழற்றினேன், மறுபடி போட்டேன், “போயித்து வாறன்” என்றேன். அன்றிலிருந்து அந்தச் சொல் நாக்கில் ஒட்டிவிட்டது. அதைத் துருக்கிக்கும் கொண்டுபோனேன். அதனால் அங்கே ஒரு மீனவ ஊர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடலில் இறங்கி என் பிணத்தை, அதாவது மையித்தைத் தேடியது. மையித்தாகிய நான் அந்த நேரம் பஸ்ஸில் கால் நீட்டி இருந்து, கச்சான் மாதிரி ஏதோ ஒரு கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருசம் படிக்கும்போது மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் துருக்கியில் படிக்க இடம் கிடைத்தது. வாப்பாவுக்குப் புடவைக்கடை. சாரம் வாங்க வந்தவர், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர், எல்லாருக்கும் அவர் இந்தச் செய்தியையும் சேர்த்து மடித்துக் கொடுத்தார். நானும் பெரிய ஆள் மாதிரித்தான் போய் இறங்கினேன்.

ரெண்டாம் மாதமே ஒரு கண்டுபிடிப்புச் செய்தேன். துருக்கி மொழி நம்மட தமிழ் மாதிரியேதான் நடக்கிறது! வினை கடைசியில் வருகிறது. ‘கிதிப்’ என்றால் போயித்து. ‘கெலெஜெம்’ என்றால் வருவன். சேர்த்துச் சொன்னால் ‘கிதிப் கெலெஜெம்’. அச்சொட்டாகப் போயித்து வாறன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அறையில் இருந்த எம்ரே என்ற துருக்கிப் பொடியனை நித்திரையால் எழுப்பி இதை விளக்கினேன். “ஓம், ஓம்” என்றுவிட்டு அவன் மறுபக்கம் திரும்பிப் படுத்தான். இதை நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்று அப்போதே அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் நான் எப்படி நானாக இருப்பது?

அந்த எம்ரேயின் ராத்தா, அதாவது அக்கா, நெர்மின். அவர் புருசன் யாகூப்போடு கருங்கடல் ஓரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தார். யாகூப் மச்சானுக்குச் சொந்தமாக ஒரு மீன்பிடி வள்ளம். வார இறுதிக்கு எம்ரே என்னை அங்கே அனுப்பினான். தனக்குப் பரீட்சை, நீ மட்டும் போ என்றான். பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம்.

அவர்கள் கவனித்த கவனிப்பை என்னவென்று சொல்வது! (அவர்கள் பேசிய துருக்கியில் பாதிதான் எனக்கு விளங்கியது. ஆனாலும் எங்கட தமிழிலேயே எழுதுகிறேன், என் காதில் அப்படித்தான் விழுந்தது.) “தின்னு மனே, நல்லா மெலிஞ்சி போயிருக்காய்” என்று ராத்தா தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். நெத்தலி மாதிரி ஒரு மீனைச் சோற்றின் மேல் வட்டமாக அடுக்கி வேகவைத்திருந்தார். குடித்து முடித்த பிளேன்ட்டி கிளாஸ் தானாக மறுபடி நிறைந்தது. என் அறைக்கு அவர்களுடைய ஒரே ஹீற்றரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தார்கள். அது எனக்கு அடுத்த நாள்தான் தெரியவந்தது.

அவ்வளவு அன்பைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒங்கட ஊர்லயும் கடல் இருக்கா?” என்று யாகூப் மச்சான் கேட்டார்.

“இருக்காவா? வீட்டு வாசல்ல! வருசம் முழுக்க நாங்க கடல்லதான் குளிக்கிற. குளிர், மழை, அலை ஒண்டும் பாக்கிறல்ல. நான் இறங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்கு வெளிய வரமாட்டன்!”

உண்மை என்னவென்றால், எனக்கு நீந்தத் தெரியாது. நான் இறங்கிய ஆழமான தண்ணீர் எங்கள் வீட்டுக் கிணற்றடித் தொட்டி. ஒலுவில் துறைமுகத்தில் ஒரு தடவை கூட்டாளியின் மாமாவின் போட்டில் ஏறினேன். கட்டின கயிற்றை அவிழ்க்க முன்னமே சத்தி எடுத்தேன். இதெல்லாம் யாகூப் மச்சானுக்கு எப்படித் தெரியும்? அவர் என் தோளில் தட்டி, “சிங்கம்!” என்றார்.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு எனக்குத் திரும்பும் பஸ். அது அவர்களுக்கும் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். எம்ரே சொல்லியிருப்பான் என்று நான், நான் சொல்லியிருப்பேன் என்று எம்ரே. யாகூப் மச்சான் விடியவே துறைக்குப் போய்விட்டார். ராத்தா குசினியில் மீன் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார். நான் எங்கே போனாலும் முதுகில் மாட்டுகிற பையை மாட்டிக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து, அழகாகச் சொன்னேன்:

“ராத்தா, கிதிப் கெலெஜெம்!”

அவர் ஏதோ சொன்னார். அதில் ‘சாப்பாடு’, ‘பன்னெண்டு மணி’ என்ற ரெண்டு சொல்லும் விளங்கின. பன்னிரண்டு மணிக்கு எங்காவது இறங்கிச் சாப்பிடச் சொல்கிறார், என்ன பாசம் என்று நினைத்து, “தமாம், தமாம்” என்று தலையாட்டினேன். சரி சரி என்று அர்த்தம்.

நான் துருக்கியைப் பிழையாகப் பேசியிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. சரியாகப் பேசினதுதான் பிழை. அங்கே ஒருவர் போயித்து வாறன் என்றால், போயித்து வருவார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடைசியாக ஒரு தடவை கடலைப் பார்க்கப் போனேன். காலை நனைத்து போட்டோ எடுக்கும்போது என் நீல நிற ரப்பர் செருப்பின் வார் அறுந்தது. பையில் இருந்த சப்பாத்தை மாட்டினேன். அறுந்த சோடியைக் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நேர்த்தியாக வைத்தேன் (குப்பையை எறியக்கூடாது அல்லவா, நல்ல பிள்ளை நான்). போட்டோ எடுத்ததில் போன் சார்ஜும் முடிந்தது. பஸ் ஏறினேன்.

பிறகு நடந்ததை எனக்கு எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மேசை ஆயத்தம், யாகூப் மச்சானும் துறையிலிருந்து வந்துவிட்டார். என்னைத்தான் காணவில்லை. என் போன் வேலை செய்யவில்லை, பரீட்சைக்குப் படித்த எம்ரேயும் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு ராத்தா கடற்கரைக்கு வந்தார். கல்லின் மேல் நீலச் செருப்பு. அதற்கு அங்கால் ஆளுயர அலை. “ரெண்டு மணித்தியாலம் வெளிய வரமாட்டன்” என்று நான் அடித்த புழுகு அவருக்கு ஞாபகம் வந்தது.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான் தங்கியதற்குப் பதிந்த தாளில் இருந்த என் முழுப் பெயர் முகம்மது லெப்பை முகம்மது இஸ்மாயில் முகம்மது ரிபாஸ். அதை நிறுத்தி நிறுத்தி வாசித்ததில், மூன்று பேர் கடலில் விழுந்துவிட்டார்கள் என்று பாதி ஊர் நினைத்தது. பதினைந்து இருபது வள்ளம் இறங்கியதாம். முதலில் இறங்கியது யாகூப் மச்சான். அந்த அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

ரெண்டு மணிக்கு எங்கள் பஸ்ஸை வீதித்தடையில் மறித்தார்கள். ஒரு இளம் பொலிஸ்காரர் ஏறி, அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் அட்டையைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறியது.

“நீங்க மௌத்தாகித்தீங்களே!” என்றார்.

“இல்ல சேர்” என்றேன். வேறு என்ன சொல்வது? முன் சீற்றில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, எனக்காக ஒரு துஆ ஓதினார்.

உயிரோடு இருக்கிறேன் என்று நானே வந்து கையெழுத்து வைக்க வேண்டுமாம். ஜீப்பில் ஏற்றினார்கள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்த பொலிஸ்காரர், ஊர் நெருங்க நெருங்கச் சிரிப்பை நிறுத்திவிட்டார். காற்று எழும்பியிருந்தது. போன் செய்து மற்ற வள்ளங்களைக் கூப்பிட்டுவிட்டார்களாம். ஒன்றே ஒன்று மட்டும் திரும்பவில்லை. அதில் போன் இல்லை.

துறையில் நெர்மின் ராத்தா நின்றார். ஏசுவார், அடிப்பார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தார், “அல்ஹம்துலில்லாஹ்” என்றார், மறுபடி கடலைப் பார்க்கத் திரும்பினார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். “மன்னிச்சிக்கங்க ராத்தா. எங்கட ஊர்ல ஒருவர் போறண்டாலும் அப்பிடித்தான் செல்ற...”

“யாகூப்பும் அப்பிடித்தான் செல்லித்துப் போனார்” என்றார். “கிதிப் கெலெஜெம்.”

சுனாமி நேரம் எனக்கு ஆறு வயது. கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவர்களின் முதுகு மட்டும்தான் எனக்கு ஞாபகம். உம்மா அகப்பையோடு கேற் வரை ஓடி வந்தது அதற்கு அடுத்த வருசம். இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு அந்தத் துறையில் நிற்கும் வரைக்கும் வரவில்லை. யா அல்லாஹ், அந்த மனிசனைக் கொண்டுவந்து தா, இனி வாழ்நாளில் புழுக மாட்டேன் என்று நேர்ந்தேன் (முதல் பாதியை அல்லாஹ் நிறைவேற்றினான், மறு பாதிக்கு நான் இன்னும் முயற்சி செய்கிறேன்).

அஸர் தொழுகைக்குப் பிறகு வள்ளம் தெரிந்தது. யாகூப் மச்சான் நனைந்த கோழி மாதிரி இறங்கினார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

“நீந்தினியா?”

“இல்ல மச்சான்.”

“நீந்தத் தெரியுமா?”

“தெரியா மச்சான்.”

அப்படியே துறையில் குந்திவிட்டார். அழுகிறார் என்று நினைத்துப் பதறிவிட்டேன். பார்த்தால் மனிசன் சிரிக்கிறார். கண்ணால் தண்ணீரும் வருகிறது. ராத்தா அவரையும் ஏசினார், என்னையும் ஏசினார், கையில் வைத்திருந்த என் செருப்பாலேயே ஆளுக்கொரு அடியும் போட்டார். பிறகு மூன்று பேரும் வீட்டுக்குப் போய், ஆறிப்போன பகல் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். ரெண்டு நாள் பழகின ஒருவனுக்காக ஒரு ஊரே கடலில் இறங்கியது. அழுதுகொண்டே சோறு தின்றேன்.

அடுத்த நாள் காலை ஒழுங்காக விடைபெற்றேன். “போறன். உண்மையாவே போறன். பகலைக்குச் சாப்பாடு வேணாம்” என்றேன். படி இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் ‘சளார்’! ராத்தா ஒரு செம்புத் தண்ணீரை என் பக்கமாக ஊற்றினார். சரிதான், இன்னும் கோபம் தீரவில்லை என்று நான் துள்ளி ஓடினேன். யாகூப் மச்சான் பிடித்து நிறுத்தினார்.

“ஓடாத! பயணம் போறவனுக்குப் பின்னால தண்ணி ஊத்திற எங்கட வழமை. தண்ணி மாதிரிப் போய், தண்ணி மாதிரி வா எண்டு செல்றது.”

நம்மட வாறன்தான் அது! நாம் வாயால் சொல்கிறோம், அவர்கள் செம்பால் சொல்கிறார்கள்.

உம்மாவிடம் இதைச் சொன்னபோது, முதலில் எனக்கு வாய் நிறைய ஏச்சு விழுந்தது. பிறகு, “அந்தப் புள்ளட நம்பரத் தா” என்றார். இப்போது ரெண்டு பேரும் வீடியோவில் கதைக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாது.

எங்கள் வீட்டில் யாராவது “வாறன்” என்று படலையடியில் நின்று சொன்னால், உள்ளேயிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: “துருக்கி வாறனா, கல்முனை வாறனா?” துருக்கி வாறன் என்றால் சோறு எடுத்து வைப்பார்கள். தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டார் முதல்முறை வந்து, விடைபெறும்போதும் வாப்பா இதைக் கேட்டுவிட்டார். அவர்களுக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று (சொன்னது நானல்ல, எட்டுப் பேர் சேர்ந்து சொன்னார்கள்).

நான் இன்னும் அந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் ராத்தாவுக்குக் கோல் எடுப்பேன். கதைத்து முடித்து, போனை வைக்கும்போது, எவ்வளவு கவனமாக இருந்தாலும் என் பாழாய்ப்போன நாக்கு அதையே சொல்லும்: “சரி ராத்தா, வாறன்.”

அந்தப் பக்கம் அவர் சிரிக்காமல் கேட்பார்:

“எத்தன மணிக்கு?”