மூலையில் ஒரு டபிள்யூ

தன் பணிக் கோப்பின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்த டபிள்யூவைப் பார்த்ததும் செராஃபினா கோப்பைப் பட்டென்று மூடினாள்.

பிலிப்பைன்ஸின் சான் ரோகெலியோ மாகாண அலுவலகத்தில் ஒவ்வொரு கோப்பிலும் ஓர் எழுத்து உண்டு. அந்த ஆளை உள்ளே நுழைத்த பெரிய மனிதரின் அடையாளம். கவர்னருக்கு ஜி. பிஷப்புக்கு பி. மேயர்கள் பலர் என்பதால் அவரவர் பெயரின் முதலெழுத்து. அடுத்த ஊர் மேயரான அவள் அப்பாவின் பெயரோ டபிள்யூவில் தொடங்கும் வென்செஸ்லாவோ.

ஆறு வயதில் திருவிழா ராணி. சுருதி தப்பியும் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. பதினெட்டில் போட்டியே இல்லாமல் இளைஞர் மன்றத் தலைவி. எல்லாம் அப்பா போட்ட பிச்சை. அவருடைய மூன்றாவது பதவிக்காலம் முடியப்போகிறது, அதற்கு மேல் சட்டம் விடாது, மேயர் தேர்தலில் நீ நில் என்றபோது வீடே அதிரக் கத்தினாள்.

“என் பேரைச் சொல்லாம ஒரு வருஷம் எங்கயாவது குப்பை கொட்டிக் காட்டு, விட்டுடறேன். யாருக்காவது தெரிஞ்சுது, நீ நின்னே ஆகணும்,” என்றார் அவர்.

அம்மாவின் குடும்பப் பெயரில் பரீட்சை எழுதிச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. இப்போது போய் இது!

ரப்பரால் அழித்தாள். மறுநாள் அதே இடத்தில் சிவப்பு மையில் இருந்தது.

“ஈசிங் அக்கா, இதை எழுதறது யாரு?”

கோப்பறையைப் பார்த்துக்கொள்ளும் ஈசிங் சிரித்தாள். “நம்ம ஆபீஸ் பெரியவர்தான் பினா. உன் ஃபைல் மேல அவருக்குத் தனிப் பிரியம்டி.”

பிரியமாம்! அப்பா போன் போட்டிருப்பார், வேறென்ன?

சலுகை வேண்டாம் என்று காட்ட, மாலைப் பலகாரத்துக்குக்கூட எழாமல் மூன்று பேர் வேலையைச் செய்தாள். பதவி உயர்வு வந்தது. திருப்பிக் கொடுத்தாள். என்ன அடக்கம் என்று பாராட்டு விழாவே வைத்துவிட்டார்கள்.

மேடையில் அலுவலகத் தலைவர் அட்டர்னி புன்சலான் மைக்கைப் பிடித்தார். “இந்தப் பொண்ணு இங்க எப்படி வந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்...”

“போதும் சார்!” செராஃபினா மைக்கைப் பிடுங்கினாள். “ஆமா, நான் மேயர் வென்செஸ்லாவோ பொண்ணுதான்! சிபாரிசுல கிடைச்ச எதுவும் எனக்கு வேணாம்!”

புன்சலான் அவசரமாகத் தன் நாற்காலியைத் துடைத்து நகர்த்தினார்.

“உக்காருங்க மேடம். முதல்லயே சொல்லியிருந்தா ஏசி ரூமே குடுத்திருப்பேனே!”

“நடிக்காதீங்க! டபிள்யூ போட்டது நீங்கதானே?”

ஈசிங் மெல்ல எழுந்தாள்.

“அது உங்கப்பா பேருக்கு இல்ல மேடம், நம்ம டகாலோக் ‘வலா’வுக்கு, ‘இல்லை’ங்கிற வார்த்தைக்கு. பின்னாடி ஆளே இல்லைன்னு அர்த்தம். என் முப்பது வருஷ சர்வீஸ்ல அந்த எழுத்து விழுந்த ஒரே ஃபைல் உங்களுதுதான்.”