பனி வண்டிக்கு நான் முறுக்கிய ஸ்பிரிங்

பயம் வந்தால் சிலருக்குக் கால் தானாக ஓடும். சிலருக்கு வாயடைத்துப் போகும். எனக்குக் கை இறுகும், பிடித்ததை விடமாட்டேன். பார்ப்பவர்களுக்கு அது நிதானம் போலத் தெரியும். (பெண் பார்க்கப் போன அன்று தேநீர்க் கோப்பையைக் கடைசிவரை நான் கீழே வைக்காததை மாமியார் அடக்கம் என்று நினைத்தாராம்.)

தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்துக்கு வந்து, பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஒரு சின்ன கராஜில் தற்காலிக வேலையில் இருந்தேன். முதலாளி டெரெக், பேச்சுக் குறைந்த பெரிய உருவம். அவர் வேலையை நிரந்தரமாக்கினால்தான் எங்களுக்கு விசா நீளும். இல்லாவிட்டால் நானும் மனைவி சுகந்தியும் கைக்குழந்தையும் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஊரில் போர் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் போக வழியில்லை.

அப்போதுதான் அந்த நாட்டின் தெற்குத் தீவில் பனிமலைகளில் ஓடும் ஒரு ஸ்னோமொபைல் கராஜுக்கு வந்தது. சக்கரமே இல்லை. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் ஆள் நீளத்தைவிட நீளமான, சுழன்று ஓடும் ரப்பர் பட்டி, அதற்குள் இரண்டு அலுமினியச் சட்டங்கள், அவற்றைத் தாங்கும் ஸ்பிரிங்குகள். மலையில் துள்ளித் துள்ளி விழுந்ததில் சட்டங்கள் வளைந்திருந்தன.

"புதுச் சட்டம் போட்டு, இனி வளையாதபடி பலப்படுத்து. ஸ்பிரிங்குகளையும் சரிபண்ணு. இதெல்லாம் செய்திருக்கிறாயா?" என்று டெரெக் கேட்டார்.

"நிறைய," என்றேன். (அதுவரை நான் பனியைக் கண்டது ஃபிரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்.)

வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் அலுமினியம் பலமிழந்துவிடும். ஆகவே சட்டங்களின் இரு பக்கமும் தகடு வைத்துப் போல்ட் முறுக்கினேன். பிறகு ஏறப்போகும் பாரத்தைக் கணக்குப் பார்த்து, ஸ்பிரிங்குகளைக் கடைசிவரை இறுக்கினேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

"இங்கே செய்தவன்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்," என்றார் டெரெக். மரியாதை போய்விட்டது.

ஆக்லாந்தில் பனிக்கு எங்கே போவது? டெரெக்கின் வீட்டுக்குப் பின்னால் சரிவான புல்வெளி இருந்தது. மழையில் நனைந்த புல்லே போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரையும் தன் வண்டியிலேயே அழைத்துப்போனார். சுகந்தி பிள்ளையோடு வேலியருகே நின்றாள்.

"என்னப்பா, இதுக்கு பிறேக் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"எங்க?"

அந்த நேரத்தில் எனக்கு என் பெயரே நினைவில்லை. டெரெக் வண்டியின் சுவிட்சில் செருகியிருந்த ஒரு கயிற்றின் மறுமுனையை என் மணிக்கட்டில் மாட்டினார். நான் தூக்கி எறியப்பட்டால் கயிறு சுவிட்சிலிருந்து கழன்று எஞ்சின் நின்றுவிடுமாம். 'தூக்கி எறியப்பட்டால்' என்பதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் மண்டைக்குள் போகவில்லை.

வேகம் கூட்டுவது வலது பெருவிரலால். மெதுவாகத்தான் அழுத்தினேன். முதல் மேட்டிலேயே வண்டியின் பின்பக்கம் கழுதை உதைப்பதுபோல் உதைத்தது. பயந்தேன். பயந்ததில் கை இறுகியது. கை இறுகியதில் வேகம் கூடியது. வேகம் கூடியதில் இன்னும் பயந்தேன். அடுத்த மேட்டில் என் கைகள் மட்டும்தான் வண்டியில் இருந்தன, மற்றதெல்லாம் காற்றில்.

"ஐயோ, கையை விடுங்கோ! விடுங்கோ எண்டுறன்!" என்று சுகந்தி கத்தினாள்.

விட்டால் செத்தேன். விடாவிட்டால் எதிரே முள்வேலி. முருகா என்று கத்தினேனாம். அடுத்த உதையில் கை பிடுங்குப்பட்டது. எஞ்சின் நின்றது. நான் ஒரு சேற்றுக் குழிக்குள் கிடந்தேன்.

டெரெக் ஓடிவந்தார். என்னைத் தாண்டி வண்டியிடம் போனார். புல்லில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். விசா போச்சு, எல்லாம் போச்சு என்று சேற்றில் இருந்தபடியே எண்ணினேன்.

"சட்டம் நேராகத்தான் இருக்கிறது," என்றார். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதருக்கும் ஸ்பிரிங் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

"யாருடைய பாரத்துக்கு இதை இறுக்கினாய்?"

"நான், மனைவி, பிள்ளை, ஒரு மூட்டை அரிசி."

"இது ஓர் ஆள் ஓட்டுகிற வண்டி."

எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இவ்வளவு நீளச் சீட்டில் ஓர் ஆளா? எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளில் ஒருவன் தனியாகப் போனால், வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்றுதான் கேட்பார்கள்.

டெரெக் வேலியருகே அழுதுகொண்டு நின்ற சுகந்தியையும் பிள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் வேலையை நிரந்தரமாக்கினார். ஒரே நிபந்தனை: பலப்படுத்துவது நான், ஸ்பிரிங்கைத் தொடுவது அவர்.

இப்போது ஆக்லாந்திலேயே லின்ஃபீல்டில் இருக்கிறோம். விருந்தாளிகள் வந்தால் சுகந்தி நான் பறந்த கதையை நடித்தே காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்து முடிந்ததும், என்னைப் பார்க்காமல், "ஆனா பாருங்கோ, ஒரு ஆள் போற வண்டியில கூட இந்த மனுசன் எங்களை ஏத்தாமக் கணக்குப் போடேல்ல," என்பாள்.

அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் உடனே ஆங்கிலத்தில் திருத்துவாள்: "அரிசியையும் சொல்லுங்கள், அம்மா."