ஐந்தாவது பெயர்

அவசரம் சர்வர் ரூமில் உட்கார்ந்து மூன்றாவது தடவையாக எண்ணிப் பார்த்தான். பெட்டிக்குள் சர்வர் நாலு. பட்டியலில் பெயர் ஐந்து.

அவசரம் என்பது ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். வந்து ஆறே மாதம், அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வருகைப்பதிவு, கேமரா, கதவு, தபால் என்று நாலு சர்வரும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. டிஸ்க் அலமாரிக்குப் போக நாலுக்கும் சேர்த்து ஒரே அடாப்டர் கார்டு. ஒரே வாசலில் நாலு குடித்தனம். ஆள் மாறிப் போகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் கார்டு தனிப் பெயர் கொடுத்திருந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் டிஸ்க் திறக்கும். இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

ஐந்தாவது பெயர் 'காவல்'. நேற்றைய பதிவில் காலை ஒன்பது மூன்று, பதினொன்று, ஒன்றரை, மாலை ஐந்து. வந்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போயிருந்தது. டீ குடிக்கிற நேரமெல்லாம் வருகிறதே, யாரப்பா இது என்று தலையைச் சொறிந்தான்.

"எவனோ நம்ம கார்டுல ஓசியில சவாரி பண்றான்" என்றார் மேனேஜர், போனில். "அதை எடுத்துட்டு நீ எங்க வேணா போ."

அவனுக்குப் போயாக வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

"நாலு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நீங்க வாசல்ல நிக்கணும். போன தடவை தனியாப் போனேன், தனியாவே திரும்பி வந்தேன்."

"கண்டிப்பா வந்துடறேம்மா" என்றான்.

காவலைத் தடுத்து வைத்தான். உடனே வரவேற்பறைப் பெண் கூப்பிட்டாள்.

"சார், கேமரா எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பி நிக்குது."

"எந்தப் பக்கம்?"

"உங்க ரூம் பக்கம்."

அவசரத்துக்கு முதுகு சில்லிட்டது. ஏசிதான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கார்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். கேமராக்கள் பழையபடி திரும்பிக்கொண்டன. மறுபடி போன்.

"சார், இன்னிக்கு ஆபீஸுக்கு யாருமே வரலைன்னு காட்டுது. மேனேஜர்கூட ஆப்சென்ட். குதிச்சிட்டிருக்கார்."

"ஒருத்தர்கூடவா வரலை?"

"ஒரே ஒருத்தர் வந்திருக்கார். பழைய வாட்ச்மேன்." அவள் குரல் இறங்கியது. "அவர் போன வருஷமே தவறிட்டார் சார். நல்ல மனுஷன். யார் ஓடினாலும் 'மெதுவாத் தம்பி'ம்பார்."

மணி மூன்று இருபது. யோசிக்க ஏது நேரம்? காவலைப் பட்டியலிலிருந்து ஒரேயடியாக அழித்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது. மேனேஜர் ஆபீஸுக்கு வந்தவரானார். நாலு சர்வர், நாலு பெயர். பெட்டியின் இரைச்சல்கூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவில் விரலை வைத்தான்.

சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை வைத்தான். அதே சிவப்பு. அவன் பதறவில்லை, தினமும் இப்படித்தான். உள்ளே வரவும் சரி, வெளியே போகவும் சரி, இரண்டு தடவை அடம்பிடித்துவிட்டு மூன்றாவது தடவை தானாகத் திறந்துகொள்ளும். மூன்றாவது தடவையும் வைத்தான். சிவப்பு.

சட்டையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தான். மூன்று நாற்பது. போனை எடுத்தான்.

"கொஞ்சம் இந்தக் கதவைத் திறங்கம்மா. என் விரலை எடுக்க மாட்டேங்குது."

அவள் பட்டியலைப் புரட்டுவது கேட்டது.

"சார், அந்த ரூமுக்கு உங்க விரலைப் பதியவே இல்லையே. யார் விரலும் இல்ல. வாட்ச்மேன் ஒருத்தர் பேர்தான் இருந்தது, இப்ப அதுவும் இல்ல. இத்தனை நாளா நீங்க எப்படி உள்ள போனீங்க?"

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பு தேயும் சத்தம் வந்து நின்றது. சாவிக்கொத்து ஒன்று குலுங்கியது. பிறகு யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"மெதுவாத் தம்பி, மெதுவா. தினமும் நான்தான் திறந்து விட்டுட்டிருந்தேன். என் பேரையும் அழிச்சுட்டீங்க, இனி எப்படித் திறக்கறது?"