மாமனாரின் நீலக்கல்லுக்குப் பல் தேய்த்தேன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாத விஷயத்தில்தான் குரல் ஓங்கி ஒலிக்கும். (தெரிந்த விஷயத்தில் எப்படி என்று இன்னும் சோதித்துப் பார்க்க வாய்க்கவில்லை.)

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது, சிதம்பரத்தில் பெண் வீட்டு விருந்துக்குப் போனேன். வருங்கால மாமனார் விரலில் ஒரு நீலக்கல் மோதிரம். சனிக்கிழமை தவறாமல் அதைப் பசும்பாலில் முக்கி எடுத்துத்தான் போட்டுக்கொள்வாராம். கல் தெளிவாக இல்லை. உள்ளே பால் கலங்கியதுபோல் மங்கலாகப் பளபளத்தது. வருஷக்கணக்கில் முக்கினால் பாலேடு படியாதா?

"குடுங்க மாமா, பளிச்சுன்னு ஆக்கித் தரேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கி, கடலூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பற்பசை, எலுமிச்சை, புளி, வெந்நீர் என்று மூன்று நாள் தேய்த்தேன். (என் பல்லை அப்படி ஒருநாளும் தேய்த்ததில்லை.) தங்கம் ஜொலித்தது. கல் மட்டும் அதே மங்கல். அப்படியானால் போலிதான்! இரண்டு வீடியோ பார்த்த தைரியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மாமனாரைச் சிதம்பரத்தில் ஒரு நகைக்கடைக்கே அழைத்துப் போனேன். அவர் மகள் கலைச்செல்வியும் வந்தாள். (என் பெருமையை அவளும் பார்க்க வேண்டாமா?)

"யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க மாமா. இது வெறும் கண்ணாடி. அசல்னா நிச்சயத்துக்கு நான் இவளுக்குப் போட்டேனே, அந்த நீலம் மாதிரி தண்ணியா தெளிஞ்சு இருக்கணும்."

"எங்கப்பா போட்டிருந்தது மாப்ள" என்றார் மாமனார். முகம் தொங்கிவிட்டது.

கடைக்காரர் டார்ச் அடித்து, லென்ஸை என் கையில் கொடுத்தார். கல்லுக்குள் பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள்.

"வெளிச்சம் இதுல பட்டுச் செதறுது. அதான் பால் மாதிரி தெரியுது. கல்லு உண்டானப்பவே உள்ள இருக்கறதுங்க. நல்லா சூடு பண்ணா இது கரைஞ்சுடும். இது நெருப்பே பாக்காத அசல் கல்லு."

"அப்ப பாலேடு இல்லியா?" என்றேன். கடைக்காரர் கலைச்செல்வியின் மோதிரத்தைக் கேட்டு வாங்கி, அதையும் லென்ஸில் காட்டினார். அந்தக் கல்லுக்குள் உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழிகள்.

"இதாங்க கண்ணாடி."

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். மாமனார் தன் மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டார். "என்னம்மா பண்ணலாம்?" என்று மகளைக் கேட்டார்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏமாத்துற அளவுக்கெல்லாம் இவருக்கு வெவரம் பத்தாதுப்பா. ஏமாந்துதான் போயிருப்பாரு. இருக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஃபிரிட்ஜோ புடவையோ எது வாங்கினாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். நான் வேண்டாம் என்று சொல்வதை வாங்கிவிடுவார்கள். போன மாதம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"உன்ன மட்டும் சரியாத்தான பாத்துக் கட்டினேன்?"

"உங்கம்மா மொதல்ல என் ஃபோட்டோவக் காட்டினப்ப நீங்க வேணாம்னுதான சொன்னீங்க?" என்றாள் கலைச்செல்வி. "அதான் நான் அசல்."