வாசல் வெளிச்சத்தில் ஒரு நீலம்

வாசல் வெளிச்சக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஆரணியில் கல்யாணப் பட்டு எடுத்தவர்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். அறுபது சேலைகளைப் பிரிக்கச் சொல்லி, அறுபத்தோராவதைத் தோளில் சாத்தி, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்து, நாத்தனார், ஓரகத்தி, வேன் டிரைவர் வரை எல்லாரும் தலையாட்டி, பில் போடுகிற நேரத்தில், "எதுக்கும் வெளிச்சத்துல ஒரு வாட்டி பாத்துடலாம்" என்று சேலையோடு வாசலுக்கு நடப்பவர்கள். வாசலுக்குப் போன எந்த நிறம் அதே நிறமாகத் திரும்பியிருக்கிறது? அறுபத்திரண்டாவது பிரியும்.

இவர்களைச் சத்தியராஜ் அளவுக்கு வெறுத்தவர் யாருமில்லை. எட்டு வருடமாகப் பட்டுக்கடையில் சேலை பிரித்து மடிக்கிறவர். "நீலம்னா நீலம். கல்யாணத்த வெயில்லயா பண்ணப் போறாங்க?" என்பது அவர் சித்தாந்தம்.

அப்படிப்பட்டவர் போன வெள்ளிக்கிழமை அதே வாசலில் நின்றார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் போர்வீரன்.

மேசைமேல் படை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டில் அவருக்குப் பைத்தியம். சொந்தமாகப் பத்து வீரர்கள். கவசத்துக்கு நீலத்தை அவரே தீட்ட வேண்டும். வண்ணம் முடியாத வீரன் மேசை ஏறக்கூடாது என்பது வேலூர்க் குழுவின் சட்டம். இரண்டு வருடமாக அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வருகிறார். அந்த ஞாயிறு அவருக்கும் ஓர் இடம். விட்டால் அது வேறொருவருக்கு.

வியாழனே பத்தும் தயார். கறுப்பு அடிப்பூச்சு, மேலே மூன்று பூச்சு நீலம், கவச விளிம்பில் முடி கனத்துக்கு வெளிர்நீலக் கோடு. வீட்டு டியூப்லைட்டில் ஜொலித்தார்கள். "நல்லாத்தாங்க இருக்குது, எடுத்து வையுங்க" என்றாள் மனைவி ஜெபராணி. வைத்தாரா? எதுக்கும் இருக்கட்டும் என்று ஒருவனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

வாசலில் பக்கத்திலேயே களம்பூர் மணிமேகலை, மகள் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டோடு.

"இன்னா தம்பி, பொம்மையா?"

"பொம்ம இல்லக்கா. போர்வீரன்."

"யாரா இருந்தா இன்னா, நீலம் கருப்படிக்குதே. என்துது எப்புடி கீது?"

"சூப்பரா இருக்குக்கா" என்றார், சேலையைப் பார்க்காமலே.

அன்று சாயங்காலம் பத்துப் பேரும் ஸ்பிரிட்டில் குளித்தார்கள். பழைய பல் பிரஷ் தேய்த்த தேய்ப்பில் மூன்று நாள் உழைப்பு கிண்ணத்தில் கரைந்தது. விடிய விடியத் தீட்டி, சனிக்கிழமை புது நீலம். கடை வாசலில் ஜொலித்தது. வீட்டு டியூப்லைட்டில் வெளுத்தது. மறுபடி ஸ்பிரிட்.

வேலூர்க் குழுவின் ஸ்டீவ் விஷயம் கேள்விப்பட்டுப் போன் பண்ணினான். "அண்ணே, ஆட்டம் ஹாலுக்குள்ளண்ணே. டியூப்லைட்டுதான். சண்ட வெயில்லயா நடக்கப் போவுது?"

எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருந்தது சத்தியராஜுக்கு. எங்கே என்றுதான் ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சு. மடியில் ஒரு டப்பா. உள்ளே பத்து நிர்வாண வீரர்கள்.

திங்கட்கிழமை மணிமேகலை சேலையைத் திருப்பிக்கொண்டு வந்தார். "தம்பி, வூட்டு லைட்டுல வேற மாதிரி கீதுப்பா." கடையே பல்லைக் கடித்தது. சத்தியராஜ் மட்டும் எழுந்து, சேலையைப் பூப்போல வாங்கி, "வாங்கக்கா, வாசல்ல பாத்துடலாம்" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தீபாவளிக்கு எடுத்து, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறீர்களே ஒரு சட்டை, அது எந்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறது?