காட்டு மண்ணுக்கு நான் காவல் இருந்த கதை

எனக்கு எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் சொன்னதற்கு மேலேயே செய்துவிடுவேன். என்னிடம் இருக்கும் கோளாறு அது ஒன்றுதான். (வேறு கோளாறும் உண்டு என்று யாரும் என் எதிரில் சொன்னதில்லை.)

உடுமலைப்பேட்டைக்கு மேலே, சர்க்கார் காட்டுக்குள் ரோடு போட்ட காலம் அது. எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஒர்க் இன்ஸ்பெக்டர். தற்காலிக வேலைதான். கல்யாணமான புதிது, நானும் கூடவே போய்விட்டேன். தகரக் கொட்டகையில் குடித்தனம். காலையில் கதவைத் திறந்தால் மேகம் தானாக உள்ளே வந்து அடுப்போரம் நிற்கும். எது மலை, எது மேகம் என்று தெரியாமல் பாதி நேரம் தூக்கத்தில் நடப்பதுபோலத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

ரோடு போகிற சரிவில் அங்கங்கே குழி வெட்டி, மண்ணெடுத்து, தகர டப்பாக்களில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, நம்பர் எழுதிக் கொட்டகையின் பின்னறையில் அடுக்கியிருந்தார்கள். எந்தச் சரிவு மழைக்குத் தாங்கும், எது சரிந்து விழும் என்பதை அந்த மண்ணைச் சோதித்துத்தான் சொல்வார்களாம்.

சிமெண்டு கொண்டுவர உடுமலைக்குக் கிளம்பியபோது அவர் என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, இதுக்கெல்லாம் நீதான் பொறுப்பு. வெய்யில் படக்கூடாது, காத்துப் படக்கூடாது, தண்ணி படக்கூடாது. இன்ஜினியர் அய்யா வந்து எடுத்துட்டுப் போவாரு. இது சரியாப் போச்சுன்னா என்னையப் பர்மனெண்டு பண்ணிருவாங்க."

"நீங்க தெகிரியமாப் போயிட்டு வாங்க" என்றேன். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் காட்டு மண்ணுக்கே நான்தான் அதிகாரி.

சிமெண்டுக்குப் போனவர் அங்கேயே காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று லாரிக்காரர் வந்து சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜல்லி உடைக்க வந்திருந்த பழனாத்தாளக்காதான் வழி சொன்னாள். அவளுக்குப் பெருந்துறைப் பக்கம்.

"மாரியாத்தாளுக்கு முளைப்பாரி போடு கண்ணு. முளை நல்லா வந்துச்சுன்னா உம்பட ஊட்டுக்காரரு எந்திரிச்சு வந்துருவாரு."

"மண்ணுக்கு எங்கீங்கக்கா போறது? இங்க ஒரு கூடை வெட்டுனாலும் பாரஸ்ட் கார்டு கேசு போட்டுருவாரே."

ரிசர்வ் காடு. சருகைப் பொறுக்கினாலே கார்டு வந்து நிற்பார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. சர்க்காரே அனுமதி கொடுத்து வெட்டிய மண், என் பொறுப்பில், பின்னறையில் இருக்கிறதே.

நானும் யோசிக்காமல் செய்யவில்லை. முளைப்பாரிக்கும் வெய்யில் ஆகாது, காத்து ஆகாது. அவர் சொன்ன மூன்றில் இரண்டு சரியாகிவிட்டது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் சாமிக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

மெழுகை உரித்தேன். (விளக்குக்கு ஆயிற்று.) டப்பாவுக்கு டப்பா ஒரு நிறம்: சிவப்பு, மஞ்சள், சாம்பல், உள்ளே கல்லும் கப்பியும். இதையா இன்ஜினியர் மாதிரி ஒரு பெரிய மனிதருக்குக் கொடுப்பது என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. அத்தனையையும் கொட்டி, சலித்து, கல்லை வீசிவிட்டு, வண்டி மாட்டுச் சாணத்தைத் தூவி ஒன்றாகக் கலந்து, திரும்ப டப்பாக்களில் நிரப்பி நவதானியம் தூவினேன்.

இருட்டறையில் முளை வந்த அழகை இன்று நினைத்தாலும் கண் சொக்குகிறது. வெளிறிய மஞ்சளில் மெல்லிசாக, நிலா வெளிச்சம் வேர்விட்டு எழுந்ததுபோல. வேலை முடிந்து வந்த பெண்கள் டப்பாக்களைச் சுற்றிக் கும்மி கொட்டுவார்கள். வெளியே மேகம் தகரத்தின்மேல் சொட்டும். நான் அப்படியே தூங்கிப்போவேன்.

முளை முழங்கை உயரம் வந்தபோது ஜீப்பும் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் மெலிந்து இறங்கினார். பின்னால் இன்ஜினியர். அவர் நேரே பின்னறைக்குப் போனார். பழனாத்தாளக்கா வாசலை மறித்தாள்.

"பூட்ஸோட உள்ள வரக்கூடாதுங்க சாமி."

ஏன் என்று கேட்காமல் கழற்றினார். உள்ளே போய் ஒவ்வொரு டப்பாவாகக் குனிந்து நம்பரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எந்த டப்பா எந்தக் குழிம்மா?"

"எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துபோட்டனுங்க. முந்தியெல்லாம் ஒரே கல்லுங்க. இப்பத்தான் நல்ல மண்ணா இருக்குது."

எங்கள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் திரும்ப வந்ததுபோல முகம் ஆகிவிட்டது. இன்ஜினியர் ஒரு முளையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "உங்க மண்ணு கம்பு வெதைக்கத் தோதா இருக்குதுங்க. ரோட்டுக்குத்தான் ஆகாது."

"உங்களுக்காகத்தானுங்க போட்டேன்" என்று இவரிடம் சொன்னேன். "பாருங்க, காய்ச்சல் போயிருச்சு."

"வேலையும் கூடவே போகுது, பாரு."

மறுநாள் நம்பர் போட்ட டப்பாக்களைத் தலையில் சுமந்து ஓடைக்குப் போனோம். பழனாத்தாளக்கா சொல்லைத் தட்ட முடியாமல் இன்ஜினியரும் வந்து நின்றார். சிவப்பும் மஞ்சளும் சாம்பலும் ஒரே நிறமாகக் கரைந்து போயின. முளைகள் பாறைகளுக்கு நடுவே நீந்தி மேகத்துக்குள் நுழைந்தன. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார்: "அதோ போகுது என்ர பர்மனெண்டு."

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலம் முடியும்வரை குழி வெட்ட முடியவில்லை, ரோடும் நின்றது. மறுபடி மண்ணெடுத்துச் சோதித்து அவர் பர்மனெண்டாக அடுத்த வருஷம் ஆயிற்று. அதுவரை பின்னறைச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கினார்.

போன வருஷம் சரவணம்பட்டியில் மகன் வீடு கட்ட இடம் வாங்கினான். மண் சோதிக்க வந்த தம்பி, சின்னச் சின்னப் பைகளில் மண்ணை நிரப்பி, நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் மருமகள்.

"ஏனுங் தம்பி, அதை மொதல்ல வண்டியில வெச்சுப் பூட்டுங்க. எங்க அத்தைக்குக் கை சும்மா இருக்காது, வெதைச்சுப்போடுவாங்க."

நான் பைக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த மண்ணில் கல் அதிகம்தான்.